ஆலைக்குப் போன எட்டுத் தடிகள்

அனுப்புநர்:
எடைமேடை எழுத்தர் (ஓய்வு),
மேல்மாடி, பழைய நூலகத்தின் பின்புறச் சந்து.
(அழைப்புமணி வேலை செய்யாது. கதவைத் தட்டினால் போதும்.)

பெறுநர்:
போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
சரக்கு வாகனப் பிரிவு.

பொருள்: மிகைச் சுமையுடன் வந்து கவிழ்ந்த ட்ரெய்லர் வண்டியிலிருந்து ஆலைக்கு எடுத்துச் செல்லப்பட்ட எட்டு மரத்தடிகளை, அவை அறுக்கப்படுமுன் பார்வையிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற வெள்ளிக்கிழமை நான் கொடுத்து, அன்றே திருப்பித் தரப்பட்ட மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

படிக்க வசதியாக இருக்கட்டும் என்று குறிப்புகளின் பட்டியலை முதலிலேயே தருகிறேன்.

1. நான் யார், இதில் எனக்கு என்ன உறவு.
2. சென்ற திங்கட்கிழமை இறக்கச் சாலையில் நடந்தது.
3. எடைச் சீட்டு சொல்வது ஒன்று, வண்டியில் இருந்தது வேறு.
4. மிகைச் சுமை ஒரு ட்ரெய்லரை என்ன செய்யும் (தாங்கள் அறிந்ததே, சுருக்கமாக).
5. சுமை மிகை என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு வழியும் இல்லை.
6. இதுவரை நான் போய் நின்ற இடங்கள்.
7. நான் கோருவது.

வெள்ளிக்கிழமை மனுவில் இரண்டு பொருள்கள் இருந்ததால் மனுப் பிரிவில் ஏற்கவில்லை. “ஒரு மனுவுக்கு ஒரு பொருள்தான் பெரியவரே. ரெண்டு வேணும்னா ரெண்டு மனுவா எழுதிட்டு வாங்க” என்றார் அங்கிருந்தவர். நியாயமான காரணம்தான். இம்மனுவில் பொருள் ஒன்றே. குறிப்புகள் ஏழு இருப்பதற்கு விதியில் தடை இராது என்று நம்புகிறேன்.

குறிப்பு 1.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு பொது எடைமேடையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டி மேடையில் ஏறி நிற்கும். நான் சன்னலுக்குப் பின்னாலிருந்து எடையைப் பார்த்துச் சீட்டு எழுதி, முத்திரை வைத்துக் கொடுப்பேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று சொல்வார்கள். அதைத் தவிர என் பணிக்காலத்தைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதாக நினைவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. சீட்டு வாங்கிய வண்டிகளில் சில, பிரதான சாலைக்குப் போகாமல் பின்பக்கச் சாலைக்குத் திரும்புவதை அந்தச் சன்னல் வழியாகப் பல முறை பார்த்திருக்கிறேன். அரை மணி கழித்து அதே வண்டி எங்கள் வாசலைத் தாண்டும்போது தார்ப்பாய் ஒரு முழம் உயர்ந்திருக்கும். எங்களுக்குள் அதற்கு ‘மேடைக்கு அப்புறம்’ என்று பெயர். “இவரு மேடைக்கு அப்புறமும் சாப்பிடுவாரு” என்று சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். மேடையில் நிற்பதை எழுதுவது மட்டுமே என் வேலை என்று இருந்துவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை.

விபத்துக்குள்ளான வண்டியின் ஓட்டுநர் என் ஒரே மகளின் கணவர். ஆகவே என்னை நடுநிலையாளன் என்று கொள்ள வேண்டாம். அவருக்கு முப்பத்தெட்டு வயது. பதினான்கு ஆண்டுகளாகக் கனரக வண்டி ஓட்டுகிறார். பின்னோக்கி எடுக்கையில் ஒருமுறை ஒரு கேட் தூணைச் சாய்த்ததைத் தவிர அவர்மீது வேறு குறிப்பு இல்லை. அந்தத் தூண் முன்பே சாய்ந்திருந்தது என்பார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

குறிப்பு 2.

சென்ற திங்கட்கிழமை முற்பகல் பதினொன்று பத்துக்கு, மரக்கிடங்கிலிருந்து ஆலைக்குத் தடிகள் ஏற்றி வந்த ட்ரெய்லர், இறக்கச் சாலையின் கடைசி வளைவில் கவிழ்ந்தது. அந்த இறக்கம் இரண்டு கிலோமீட்டர். பாதி வழியில் சாலைப் பணியாளர் இருவர் குழி அடைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி தங்களைக் கடக்கும்போதே சக்கரங்களிலிருந்து புகை வந்ததாகவும், ரப்பர் கருகும் நாற்றம் நெடுநேரம் நின்றதாகவும் இருவரும் சொல்கிறார்கள். ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனாராம்.

வளைவில் முன்வண்டி திரும்பியது. ட்ரெய்லர் திரும்பவில்லை. அது முன்வண்டியைத் தள்ளிக்கொண்டு மடங்கி, சாலையோரப் பஞ்சர் கடையின் மேல் சாய்ந்தது. சங்கிலி அறுந்து பன்னிரண்டு தடிகள் மதகு வரை உருண்டன.

பஞ்சர் கடைக்காரர் கடைக்குள் இருந்தார். உயிர் பிழைக்கவில்லை. அவருக்கு நாற்பத்தைந்து வயது. என் சைக்கிளுக்கு இரண்டு முறை ஒட்டுப் போட்டவர். இரண்டாம் முறை ட்யூபைக் கையில் தூக்கிக் காட்டி, “ஐயா, இது ட்யூப் இல்ல. ஒட்டுங்க எல்லாம் சேர்ந்து கூட்டம் போட்டிருக்கு. மாத்திடுங்க” என்றார். நான் மாற்றவில்லை. இது மனுவுக்குத் தொடர்பில்லாதது. அவரை ‘இறந்த நபர்’ என்று மட்டும் எழுதக் கை வரவில்லை, பொறுத்தருளவும்.

என் மருமகனுக்கு வலது கால் இரண்டு இடங்களில் முறிந்திருக்கிறது. தலையிலும் அடி. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் இல்லை. அந்த நாள் திரும்ப வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். மகள் உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும், “வண்டி எங்க நிக்குது?” என்று கேட்கிறார். “பத்திரமா நிக்குது” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுகிறாள். ஒருவர் இறந்த செய்தியை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காவலர் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் அவருக்குப் புரியவில்லை. நேற்று அந்தக் காவலரிடம் தன் பங்கு ரொட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம்.

அதிவேகமாகவும் கவனமின்றியும் ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியதாக வழக்கு. உரிமம் பற்றிய விசாரணை வரும் வெள்ளிக்கிழமை தங்கள் முன்னிலையில் நடக்கவிருக்கிறது. தன் தரப்பைச் சொல்ல அவரிடம் நினைவே இல்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

குறிப்பு 3.

ஆலை காட்டும் எடைச் சீட்டின்படி சரக்கின் எடை 23,160 கிலோ. அந்த ட்ரெய்லருக்கு அனுமதி 24,000 கிலோ. சீட்டைப் பார்த்தேன். முத்திரையும் நேரமும் சரியாக உள்ளன. அது பொய்ச் சீட்டு அல்ல.

காவல் நிலைய வளாகத்தில் இப்போது பதினெட்டுத் தடிகள் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை வேலிக்கு வெளியே நின்று மூன்று முறை எண்ணினேன். பதினெட்டு, பதினேழு, பதினெட்டு என்று வந்தது. ஒரு கண்ணில்தான் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. நான்காம் முறை எண்ணும்போது காவலர் ஒருவர் வந்து, “என்ன பெரியவரே, விலை பேச வந்தீங்களா?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரே நடந்து போய், ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணிச் சொன்னார். பதினெட்டுதான்.

இப்படிப்பட்ட பதினெட்டுத் தடிகள் ஏறத்தாழ இருபத்து மூன்று டன் இருக்கும். ஆக, சீட்டும் தடிகளும் பொருந்துகின்றன. சுமை அனுமதிக்கு உட்பட்டது என்று தங்கள் ஆய்வாளர் எழுதியிருப்பது இதனால்தான். அவரைக் குறை கூறவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அப்படியே எழுதியிருப்பேன்.

ஆனால் ஒவ்வொரு தடியின் முனையிலும் நீலச் சாயத்தில் ஓர் எண் உள்ளது. ஏற்றும்போது வரிசையாகப் போடும் எண் அது. வளாகத்தில் உள்ளவற்றில் மிகப் பெரிய எண் 26. இடையில் 7, 12, 19, 20, 21, 23, 24, 25 ஆகிய எட்டு எண்கள் இல்லை. சாலைப் பணியாளர்கள் சொல்வதைக் கேட்டால் காரணம் தெரியும். காவல்துறை வருமுன்னே, வழியைச் சீர் செய்வதாக ஆலையின் கிரேன் வந்திருக்கிறது. உருண்டு கிடந்த பன்னிரண்டில் நான்கை மட்டும் கவிழ்ந்த வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு, எட்டை வேறு வண்டியில் ஏற்றி ஆலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வழியைச் சீர் செய்பவர்கள் எடுத்தால் பன்னிரண்டையும் எடுக்க வேண்டும். நான்கை ஏன் விட்டுவைத்தார்கள்? மிச்சம் பதினெட்டாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்ட ஒருவர் அங்கே நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். ஊகத்துக்குரிய மதிப்பை மட்டும் கொடுத்தால் போதும்.

நடந்தது இது என்று நினைக்கிறேன்: பதினெட்டுத் தடிகளோடு மேடை ஏறிச் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். மேடைக்கு அப்புறம் இன்னும் எட்டு ஏற்றியிருக்கிறார்கள். மொத்தம் இருபத்தாறு, முப்பத்து மூன்றரை டன். அனுமதிக்கு மேல் ஒன்பதரை டன்.

குறிப்பு 4.

தங்களுக்குத் தெரியாதது அல்ல. எனினும் விசாரணையில் ‘அதிவேகம்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதால் எழுதுகிறேன்.

இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது பிரேக். அது குறிப்பிட்ட சுமைக்கென்று செய்யப்பட்டது. சுமை கூடினால் அதே வேகத்தில் வைத்திருக்கவே கூடுதல் நேரம் மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கச் சூடேறும். ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அப்போது வண்டி வேகமாகத்தான் போகும். பார்ப்பவர்களுக்கு ஓட்டுநர் வேகமாக ஓட்டுவது போல் தெரியும்.

ட்ரெய்லரில் இன்னொரு தொல்லை, அது தனி வண்டி. அதைப் பற்றி என் மருமகன் சாப்பிடும்போது ஒருமுறை சொன்னார்: “முன்னால இருக்கிறது நான் சொல்றதைக் கேக்கும் மாமா. பின்னால வர்றது உங்க மகள் மாதிரி. அதுக்கா தோணினாத்தான் திரும்பும்.” மகள் குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு, “அப்போ முன்னால இருக்கிறதை மட்டும் கூட்டிட்டுப் போங்க” என்றாள். சுமை பின்பக்கம் கூடினால் முன்வண்டியின் சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்காது. ஸ்டியரிங் லேசாகிவிடும். லேசாக இருக்கிறதே என்று புதியவர்கள் மகிழ்வார்கள். பழகியவர்கள் பயப்படுவார்கள்.

மிகைச் சுமை ஏற்றும் வண்டிகள் பெரும்பாலும் கவிழாமல் போய்ச் சேர்ந்துவிடுகின்றன என்பதும் உண்மை. முப்பத்தோரு ஆண்டுகள் அவை போய்ச் சேர்வதைப் பார்த்துத்தான் நானும் பேசாமல் இருந்தேன்.

குறிப்பு 5.

கிடங்கில் எடை போடும்போது ஓட்டுநர் வண்டியில் இருப்பதில்லை. வளாகத்துக்குள் வண்டியை நகர்த்த வேறு ஆள் உண்டு. ஏற்றி, எடை போட்டு, சங்கிலி கட்டிய பிறகே வண்டி வாசலில் ஓட்டுநர் கைக்கு வரும். சீட்டும் அப்போதுதான் தரப்படும். எத்தனை தடியோடு மேடை ஏறியது என்று சீட்டில் எழுதும் வழக்கமில்லை. ஆகவே சுமை மிகை என்பது என் மருமகனுக்குத் தெரியாது. அனுமதிக்கு உட்பட்டது என்று சொல்லும் முத்திரையிட்ட சீட்டு கையில் இருக்கும்போது, வேறு விதமாக அறிய அவருக்கு வழியும் இல்லை.

முன்பு இருமுறை, சுமை அதிகம் என்று வண்டியை எடுக்க மறுத்திருக்கிறார். இரண்டு முறையும் வண்டி வேறொருவர் கைக்குப் போயிற்று. இரண்டாம் தடவை பதினோரு நாள் அவரை வீட்டில் உட்கார வைத்தார்கள். அந்தப் பதினோரு நாளும் காலை ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, சீருடை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார், கூப்பிட்டால் உடனே போகலாம் என்று. தெரிந்தால் மறுக்கக்கூடியவர் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

புதன்கிழமை பஞ்சர் கடைக்காரரின் மனைவி மருத்துவமனைக்கு வந்தார். சண்டை போட வந்தாரோ என்று என் மகள் அறைக்கதவை மறைத்து நின்றாள். அவர் சண்டை போடவில்லை. வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

“ஐயா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பாரம் அதிகம்னு தெரிஞ்சேதான் ஓட்டிட்டு வந்தாரா?”

“தெரியாதும்மா” என்றேன்.

“சத்தியமா?”

“அவருக்குத் தெரிய வழியே இல்லம்மா.”

அவர் தலையசைத்தார். “அப்போ சரி. திட்டறதுக்கு யாராவது வேணும்ல, அதான் கேட்டேன். வேற ஆளைப் பாக்கணும்” என்றார். போகும்போது என் மகளிடம், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

குறிப்பு 6.

வியாழக்கிழமை ஆலைக்குப் போனேன். அங்கே மரம் அளந்து ஏற்றும் பொறுப்பில் உள்ளவரை எல்லோரும் ‘டேப்காரர்’ என்பார்கள். இடுப்பில் எப்போதும் அளவு நாடா தொங்கும். கிடங்குக்கும் ஆலைக்கும் அவரே போய்வருவார். மரியாதையாக நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். விடுபட்ட எண்கள் பற்றிக் கேட்டேன். அவை கிடங்கில் போட்ட பொது எண்கள், மற்றவை வேறு வண்டியில் வந்தவை என்றார். ஏற்றும்போது எழுதும் பட்டியலைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். ஏற்றி முடித்ததும் கிழித்துவிடுவது வழக்கம் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “ஐயா, நீங்க மேடையில இருந்தவரு. சீட்டுக்கு மேல சாட்சி கேட்டு எவனாவது வந்தா நீங்க என்ன சொல்வீங்க?” என்றார். நான் என்ன சொல்வேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் பலரிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

திரும்பும்போது ஆலையின் பின்வேலி வழியாகப் பார்த்தேன். மதில் ஓரமாகத் தனியே எட்டுத் தடிகள் இருந்தன. எண் போட்ட முனை மதிலைப் பார்த்திருந்தது. மற்ற அடுக்குகளில் எல்லாம் எண் வெளியே தெரியும்படிதான் வைத்திருக்கிறார்கள்.

காவல் நிலையத்தில், சுமை பற்றிய புகாரைப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னார்கள். தங்கள் அலுவலகத்தின் தகவல் பிரிவில், விபத்து பற்றியதைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டுமே சரிதான். மிகைச் சுமையையும் விபத்தையும் தனித்தனியாக எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மனு திரும்பிய கதையை மேலே சொல்லிவிட்டேன்.

குறிப்பு 7.

ஆலை வாசல் பலகையில் அறுவை வரிசை எழுதியிருக்கிறார்கள். அந்தத் தடிகள் இருக்கும் பின்மதில் பகுதிக்கு வரும் புதன்கிழமை என்று போட்டிருக்கிறது. அறுத்த மரப்பலகையில் எண் இராது. எந்தப் பலகை எந்தத் தடி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை விசாரணையில் சீட்டும் பதினெட்டுத் தடிகளும் மட்டும் தங்கள் முன் இருக்கும்.

ஆகவே, புதன்கிழமைக்கு முன் தங்கள் அலுவலர் ஒருவரை ஆலைக்கு அனுப்பி, அந்த எட்டுத் தடிகளைப் பார்வையிட்டு, அளந்து, அறுக்காமல் நிறுத்திவைக்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மருமகனை விடுவிக்கும்படி கேட்கவில்லை. அது என் வரம்பு அல்ல. அவர் என்ன சுமையை இழுத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்கினார் என்பது மட்டும் கோப்பில் சரியாக இருக்க வேண்டும்.

கையொப்பமிடும் முன் –

இதுவரை உள்ளதை நேற்று வீட்டில் எழுதி முடித்தேன். இனி வருவதைத் தங்கள் அலுவலக முன்னறையில் எழுதுகிறேன். என் வரிசை எண் 34. இப்போது 19 போகிறது. காத்திருக்கும் நேரத்தில் மனுவை மறுபடி படித்தேன். ஏழாவது குறிப்பில் ஓட்டை இருக்கிறது.

தாங்கள் அலுவலரை அனுப்புகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர் போவதற்குள் முனையை ஓர் அங்குலம் சீவிவிட்டால் எண் போய்விடும். பிறகு அந்த எட்டும் ஆலையில் உள்ள நூற்றுக்கணக்கான தடிகளில் எட்டு, அவ்வளவுதான். அவற்றை வேறு எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்று அவர் கேட்பார். சுற்றளவைக் கொண்டு காணலாம். ஏழாம் எண் தடி 174 சென்டிமீட்டர், பன்னிரண்டாம் எண் 191, பத்தொன்பதாம் எண் 168. இருபத்தாறு தடிகளின் சுற்றளவும் என்னிடம் உள்ளது.

உமக்கு எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி. வீட்டிலேயே அது தோன்றியது. தோன்றாதது போல எழுதி முடித்தேன்.

விபத்து நடந்த திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு என் மருமகன் கிடங்கு வாசலிலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மகள் வேலைக்குப் போய்விட்டாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

“மாமா, வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் எடுத்துப் பாத்தேன். ஸ்டியரிங் லேசா இருக்கு, மூக்கு தூக்குது. சீட்டுல இருபத்து மூணு சொச்சம்தான் போட்டிருக்கு. எனக்கு மனசு ஒப்பல. நீங்க கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்களேன். டேப்காரர் சிரிக்கிறாரு, ‘மாமனார் மேடைக்காரராச்சே, அவரையே கேட்டுக்கோ’ங்கிறாரு.”

டேப்காரரிடமிருந்து ஏற்றுப் பட்டியலை வாங்கி, எண்ணும் சுற்றளவுமாக இருபத்தாறையும் வாசித்தார். நீளம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்றார். செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். என் காலத்தில் எங்கள் மேடைக்கு வந்ததெல்லாம் ஒரு வருடம் காய்ந்த மரம். கன மீட்டருக்கு எழுநூறு கிலோ என்று மனத்தில் பதிந்துபோன எண். அதையே போட்டுப் பெருக்கினேன். 23,450 வந்தது. சீட்டில் 23,160. என் கணக்கும் சீட்டும் இவ்வளவு அருகில் வந்ததைக் கண்டு எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

“நேத்து வெட்டின மரம் மாமா, இன்னும் ஈரம் சொட்டுது” என்று அவர் சொன்னார். அது என் காதில் விழுந்தது. விழுந்தும் பேனாவை எடுக்கவில்லை. பச்சை மரம் கன மீட்டருக்கு ஆயிரம் கிலோ என்பது எனக்குத் தெரியாததல்ல. கேட்டிருந்தால் யாருக்கும் சொல்லியிருப்பேன். சீட்டோடு பொருந்திவிட்ட கணக்கை மறுபடி போடும் பழக்கம் என்னிடம் இல்லை.

“கணக்குக்குள்ளதான் இருக்கு மாப்பிள்ளை. பயப்படாம போங்க” என்றேன்.

“நீங்க சொன்னா சரி மாமா” என்றார்.

இந்தப் பேச்சு அவர் நினைவில் இல்லை. என் மகளுக்கும் தெரியாது. வியாழக்கிழமை நான் ஆலையிலிருந்து எழுந்தபோது டேப்காரர் வாசல் வரை வந்து, “அன்னிக்குப் போன்ல யாரு கணக்குப் போட்டுக் கொடுத்தாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல ஐயா. சொல்லவும் மாட்டேன். நீங்களும் பெரிசா கிளற வேணாம்” என்றார். அதை ஆறாவது குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். எழுதத் தைரியம் வரவில்லை. இன்று மாலை மகளிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. பஞ்சர் கடைக்காரரின் மனைவி வீடு எங்கே என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அங்கேயும் போக வேண்டும்.

அந்தச் செய்தித்தாளை இணைத்திருக்கிறேன். மேலே அச்சில் தேதி இருக்கிறது. ஓரத்தில் இருப்பது என் கையெழுத்து. இருபத்தாறு எண்ணும் இருபத்தாறு சுற்றளவும் அதில் உள்ளன. கீழே என் கணக்கும் உள்ளது. அந்த எட்டுத் தடிகளை இதைக் கொண்டு அளந்து பார்க்கலாம். இதைத் தவிர வேறு ஆதாரம் எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என் வாக்குமூலம் தேவையெனில் எந்த நேரமும் வருவேன்.

ஐந்தாவது குறிப்பைத் தயவுசெய்து அடித்துவிடவும். அது தவறு. ஓட்டுநருக்குச் சந்தேகம் இருந்தது. தெரிந்துகொள்ள வழியும் இருந்தது. அந்த வழியில்தான் அவர் போனார். அவருடைய சந்தேகத்தைத் தீர்த்துவைத்தவன் நான்.

இணைப்பு: செய்தித்தாள், ஒரு தாள் (ஓரக் குறிப்புகளுடன்).

இடம்: தங்கள் அலுவலக முன்னறை.
நாள்: திங்கட்கிழமை, முற்பகல் 11.40.

இப்படிக்கு,
(கையொப்பம்)
எடைமேடை எழுத்தர், ஓய்வு